மெய்யழகன் ஏன் "அத்தான்" என்று கூப்பிடுகிறான்?

'மெய்யழகன்' படத்தைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நீளம் அதிகம் என்றார்கள். வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியது தப்பு என்று இன்னொரு கூட்டம் வருத்தப்பட்டது. அந்தச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு சின்னக் கேள்விதான்.

கார்த்தி படம் முழுக்க அரவிந்த்சாமியை "அத்தான், அத்தான்" என்றே கூப்பிடுகிறார். "அண்ணே" என்று கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சீன்கூட மாற வேண்டியதில்லை. கல்யாண வீடு, ராத்திரிப் பேச்சு, சைக்கிள் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று போயிருக்கும். அந்த ஏதோ ஒன்று என்ன என்று தேட ஆரம்பித்து, உறவுமுறைச் சொற்கள், சொத்துச் சட்டம், எங்கள் ஊர்க் கதை ஒன்று என்று சுற்றி, கடைசியில் எங்கள் வீட்டு மொய் நோட்டில் போய் நின்றேன். அந்தத் தேடலின் குறிப்புகள் இவை. படத்தின் முடிவு உட்பட எல்லாம் இதில் வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கதை, சுருக்கமாக

2024 செப்டம்பர் 27 அன்று வெளியான படம். இயக்கம் சி. பிரேம்குமார், '96' எடுத்தவர். 1996இல் தஞ்சாவூரில் ஒரு குடும்பம், சொந்தக்காரர்களோடு வந்த சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்து சென்னைக்குப் போகிறது. அந்த வீட்டுப் பையன் அருள்மொழி. 22 வருஷம் கழித்து, 2018இல், தங்கை முறையுள்ள புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். முகத்தைக் காட்டிவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

கல்யாண மண்டபத்தில் ஒருவன் வந்து ஒட்டிக்கொள்கிறான். "அத்தான்" என்கிறான். சாப்பிட வைக்கிறான், கூடவே சுற்றுகிறான், பழைய கதையெல்லாம் பேசுகிறான். அருளுக்கோ அவன் யார் என்றே தெரியவில்லை. பெயர் ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். பஸ்ஸும் போய்விட, ராத்திரி அவன் வீட்டிலேயே தங்க வேண்டியதாகிறது. அருள் அன்று விட்டுவிட்டுப் போன சைக்கிள் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய கை கொடுத்தது என்று அங்கேதான் தெரிகிறது. இவ்வளவு பாசமாக இருப்பவனின் பெயர்கூடத் தெரியாதே என்ற உறுத்தலில், விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். படத்தின் தலைப்பாக நம் கண் முன்னாலேயே இருக்கும் அந்தப் பெயர் அருளின் வாயிலிருந்து வரும்போது படம் முடிகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீடு திரும்பக் கிடைப்பதில்லை. வீட்டைப் பறித்தவர்கள் வந்து மன்னிப்புக் கேட்பதும் இல்லை. நம்முடைய குடும்பப் படங்களின் வழக்கமே வேறு. 1959இல் வந்த 'பாகப்பிரிவினை'யிலிருந்து எடுத்துக்கொண்டால், பிரிந்த குடும்பம் கடைசி ரீலில் ஒன்றுசேர்ந்தாக வேண்டும். இங்கே பிரிந்தது பிரிந்ததுதான். ஆனால் அருள் சமாதானம் ஆகிறான். யாரோடு? தகராறில் சம்பந்தமே இல்லாத ஒருவனோடு. "அத்தான்" என்ற சொல் வேலை செய்யும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அத்தானும் பங்காளியும்

நம் உறவுமுறை எப்படி இயங்குகிறது என்பதை ஒரு லாஜிக் கேட் போலப் பார்க்கலாம். அப்பாவின் அண்ணன் தம்பிகள் பெரியப்பா, சித்தப்பா. பெயரிலேயே 'அப்பா' இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அம்மாவின் அக்கா தங்கைகள் பெரியம்மா, சித்தி. அவர்கள் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள் கணக்குதான். ஆனால் அப்பாவின் அக்கா தங்கை என்றால் அத்தை. அம்மாவின் அண்ணன் தம்பி என்றால் மாமா. இவர்கள் பிள்ளைகள் வேறு பக்கம்: அத்தான், மச்சான், மாப்பிள்ளை, அத்தாச்சி, கொழுந்தியாள். ஆக, விதி எளிது. பெற்றவரும் அவருடைய உடன்பிறப்பும் ஒரே பால் என்றால், பிள்ளைகள் சகோதரர்கள். வேறு பால் என்றால், பிள்ளைகள் சம்பந்தம் செய்யத் தகுந்தவர்கள்.

எந்தச் சொல் யாருக்கு என்பது ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். ஸ்ரீரங்கத்து அக்ரஹாரத்தில் அத்தை பிள்ளை அத்தான், மாமா பிள்ளை அம்மாஞ்சி. எங்கள் பக்கம் இரண்டு பேரும் அத்தான்தான், வயதில் இளையவன் என்றால் மாப்பிள்ளை. அக்கா புருஷனும் அத்தான். பழைய படங்களில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் அத்தான். சொல் எங்கே போனாலும் கோடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

இந்தக் கோட்டை முதலில் ஆச்சரியமாகப் பார்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், தன் நாட்டுப் பழங்குடிகளில் ஒன்றான செனிகா மக்களின் உறவுச் சொற்களைச் சேகரித்துவிட்டு, உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழ் உறவுமுறை அதோடு பெரிய அளவில் பொருந்திப்போனது. 1871இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் தமிழுக்கு முக்கியமான இடம் உண்டு. (மேலோட்டமாகத்தான் பொருத்தம், உள்ளே வித்தியாசங்கள் இருக்கின்றன என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள்.) அடுத்து லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். 1957இல் அவர் எழுதியதன் சாரம் எனக்கு மிகவும் பிடித்தது: தென்னிந்தியாவில் சொத்து எப்படி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிறதோ, அப்படியே சம்பந்தமும் தலைமுறை தலைமுறையாக வருகிறது. என் அப்பாவுக்கு மச்சான் யாரோ, அவர் பிள்ளை எனக்கு மச்சான். யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே கைக்கு வந்துவிடும் உறவு அது.

இப்போது 'பங்காளி' என்ற சொல்லைப் பாருங்கள். பங்கு உள்ளவன் பங்காளி. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்தான் பங்காளிகள். தாத்தா சொத்து அவர்களுக்கும் நமக்கும் சேர்ந்தே வருகிறது. பங்காளிச் சண்டை என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். 'அத்தான் சண்டை' என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அண்ணன் என்ற சொல்லுக்குள் பங்காளியும் ஒளிந்திருக்கலாம்; பெரியம்மா பிள்ளை போலப் பங்கில்லாத அண்ணனும் இருக்கலாம். கூப்பிடும்போது வித்தியாசம் தெரியாது. அத்தான் என்று சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை. பழைய கணக்குப்படி அவனுக்கு உன் வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. உன்னிடமிருந்து அவனுக்கு வர வேண்டியது சீர், சோறு, பேச்சு. அவனிடமிருந்து உனக்கு வர வேண்டியதும் அவ்வளவே.

அருள் பயந்து ஓடுவது பங்கு உள்ள உறவைப் பார்த்து. அவனை மடக்கிப் பிடித்துச் சாப்பிட வைப்பது பங்கு இல்லாத உறவு. "அண்ணே" என்றிருந்தால், 1996இன் நிழல் அந்தச் சொல்லிலும் கொஞ்சம் விழுந்திருக்கும். "அத்தான்" என்பதில் அது விழவே வழியில்லை. 22 வருஷம் கழித்தும் அது சுத்தமாக இருக்கிறது.

என் தொழில் பாஷையில் சொன்னால், பெயர் என்பது பிரைமரி கீ மாதிரி. ஆளை அடையாளம் காட்டும். முறை என்பது ரிலேஷன். இரண்டு பேரை இணைக்கும். டேட்டாபேஸில் கீ இல்லாமல் ரிலேஷன் நிற்காது. நம் ஊரில் நிற்கிறது. நம்மில் பாதிப் பேருக்குப் பெரிய அத்தையின் நிஜப் பெயர் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும். பெயர் தெரியாமலே அருளால் ஒரு முழு ராத்திரி அவனோடு பேச முடிந்ததும் அதனால்தான்.

1989 மார்ச் 25

இதுவரை சொன்னது பழைய கணக்கு. நடுவில் சட்டம் மாறிவிட்டது. படம் இதைப் பேசவில்லை. ஆனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் பிரிந்து கிடக்கும் பல குடும்பங்களைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

பழைய மிதாட்சரா முறையில், பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைக்குப் பிறக்கும்போதே பங்கு. பெண்ணுக்கு அந்தப் பங்கு இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், அப்பாவின் தனிச் சொத்தில் மகளையும் மகனுக்குச் சமமான வாரிசு ஆக்கியது. பூர்வீகச் சொத்தில் மகளைப் பிறப்புரிமைப் பங்காளி ஆக்கவில்லை. அதிலும் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் முழுக்கக் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவு செய்யும்வரை, பெண் வாரிசு பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. வயலைக் கேட்கலாம், வீட்டைக் கேட்க முடியாது!

தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு. அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. ஒரே வீட்டில் 1988இல் கல்யாணமான அக்காவுக்குப் பங்கு கிடையாது, 1990இல் ஆன தங்கைக்கு உண்டு என்ற நிலை. 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்திய அரசுத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. கூடவே 23ஆம் பிரிவும் போனது. அப்பா அன்றைய தேதியில் உயிரோடு இருக்க வேண்டுமா என்ற குழப்பம் அதன் பிறகும் நீடித்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று முடித்துவைத்தது.

நியாயமான மாற்றம். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் உறவுமுறையின் பக்கமிருந்து பாருங்கள். சீர் வாங்கும் இடத்தில் இருந்த அத்தை, பங்கு உள்ள இடத்துக்கு வந்துவிட்டார். அதாவது சட்டப்படி அவரும் பங்காளி. சொல் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாகத் தங்கை எழுதிக்கொடுப்பது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று பாருங்கள். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், நடுவில் பத்திர எழுத்தர்.

பல வீடுகளில் பேச்சு நின்றது அந்த மரத்தடியில்தான்.

ஜீயபுரத்துப் பாட்டி

இங்கே எங்கள் ஊருக்கு வருகிறேன். பெயர் தெரியாத ஆளோடு உட்கார்ந்து சாப்பிடும் அருளைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் கதைதான்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில், காவிரியின் தென்கரையில், முக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜீயபுரம். ஆற்றின் ஓட்டத்தில் கிழக்கே போனால் ஸ்ரீரங்கம். ஜீயபுரத்தில் ஒரு பாட்டி இருந்தாளாம். பேரன் பெயர் ரங்கன். ஆற்றுக்குப் போனவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி "ரங்கா, ரங்கா" என்று அழுதாள். ரங்கன் வந்தான். பழைய சோறும் மாவடுவும் போட்டாள், சாப்பிட்டான். அந்த நேரத்தில் நிஜப் பேரன் ரங்கன் வந்து சேர்ந்தான். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது யார்? ஸ்ரீரங்கத்து ரங்கன். சொல்பவருக்குச் சொல்பவர் விவரங்கள் மாறும். ஆனால் பழைய சோறும் மாவடுவும் மாறாது. இதை நினைவு வைத்துத்தான் பங்குனித் திருநாளில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் வருகிறார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

படத்தையும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாட்டியிடம் பெயர் இருக்கிறது, ஆள் மாறிவிட்டது. அருளிடம் ஆள் இருக்கிறான், பெயர் தொலைந்துவிட்டது. இரண்டிலும் சோறு போடப்படுகிறது, சாப்பிடப்படுகிறது. யாருக்குப் போட்டோம் என்று தெரிந்த பிறகு பாட்டி தட்டைப் பிடுங்கவில்லை. "அடையாளம் சரிபார்த்த பிறகு உறவு" என்ற வரிசை இங்கே செல்லாது. சோறு முதலில், ஆதார் பிறகு.

அதே பங்குனித் திருநாளில் பின்னால் இன்னொன்றும் நடக்கும். பெருமாள் உறையூர் நாச்சியாரிடம் போய்வருகிறார். கோபத்தில் தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறார். மட்டையடி. அப்போது சமரசம் பேச வருவது நம்மாழ்வார். பங்குனி உத்திரத்தன்று இருவருக்கும் சேர்த்தி. சண்டையில் கட்சி இல்லாத ஒருவர் நடுவில் வந்தால்தான் கதவு திறக்கும் என்று அந்தச் சடங்கை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மெய்யழகனும் அப்படி வந்த ஆள்தான். ஒரே வித்தியாசம், தான் சமரசம் செய்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது.

மொய் நோட்டு

இனி எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரே தங்கை. 1978இல் கல்யாணமாகித் திருவெறும்பூர் பக்கம் போனார். தாத்தா போன பிறகு, 2008இல், ஜீயபுரத்து வீட்டை விற்றோம். வாங்கியவரின் வக்கீல், தங்கையின் கையெழுத்தும் வேண்டும் என்றார். 2005 திருத்தம் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்த நேரம். அத்தை பங்கு கேட்டார். "சீரெல்லாம் செஞ்சாச்சே" என்றார் அப்பா. ஏதோ ஒரு தொகை பேசி, கையெழுத்து ஆனது. அன்றோடு பேச்சும் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'அத்தை' என்ற சொல்லே புழங்கவில்லை. "அவங்க", "திருவெறும்பூர்க்காரங்க". கவனித்துப் பார்த்தால், பிரிவு வந்த வீட்டில் முதலில் காணாமல் போவது முறைச் சொல்தான். ஊர்ப் பெயர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

படம் பார்த்த பிறகு பரணிலிருந்து மொய் நோட்டுகளை இறக்கினேன். குடும்ப வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. பத்திரத்தில் யாருக்கு என்ன பங்கு என்று இருக்கும். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று மொய் நோட்டில்தான் இருக்கும். 1983, என் காதுகுத்து: தாத்தா கையெழுத்தில் "மாப்பிள்ளை, திருவெறும்பூர், ரூ.51, வெள்ளி அரைஞாண்". 2001, அக்கா கல்யாணம்: ரூ.1001, ஒரு குத்துவிளக்கு. 2010, என் கல்யாணம்: அந்த ஊர்ப் பெயரே இல்லை. எக்செல்லில் ஏற்றிப் பார்த்தபோது அந்தக் காலி வரி, எழுதிய எல்லா வரிகளையும்விட அதிகம் பேசியது.

இந்த வருஷம் தை மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார் அத்தை மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவர். துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வேலை. படம் தந்த தைரியமா, நோட்டு தந்த உறுத்தலா தெரியாது, "அத்தான்" என்றேன். வாளியை வைத்துவிட்டுப் பார்த்தார். "வா மாப்ள. எப்ப வந்த?" 17 வருஷத்துக்கு அவ்வளவுதான் முன்னுரை.

பந்தி முடிந்து வெளியே நின்று பேசினோம். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நடுவில் சாதாரணமாகச் சொன்னார்: "மாமாதான் என்னை ஐடிஐ-ல சேத்துவிட்டு ஃபீஸும் கட்டினாங்க. அப்ப எங்கப்பாவுக்கு வேலை இல்ல. அது இல்லன்னா நான் இன்னைக்கு எங்க இருந்திருப்பேனோ." எனக்கு இது செய்தி. எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. 2008க்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதையில் அந்தப் பக்கத்துக்காரர்கள் கேட்டவர்கள் மட்டும்தான். அவர்கள் வீட்டுக் கதையில் என் அப்பா இன்னும் ஃபீஸ் கட்டியவர்.

அருளின் சைக்கிளும் இதுதான். அவனைப் பொறுத்தவரை அது இழந்த பொருள்களின் பட்டியலில் ஒன்று. இன்னொரு வீட்டில் அது வரவுக் கணக்கு. பிரிந்துபோன உறவுகளில் நம்மைப் பற்றிய நல்ல குறிப்பு பெரும்பாலும் நம்மிடம் இருப்பதில்லை. அது அவர்கள் நோட்டில் இருக்கிறது. போய்க் கேட்டால்தான் தெரியும்.

படம் பேசாத பக்கம்

எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு முடிப்பது சரியில்லை. இரண்டு விஷயங்கள்.

ஒன்று, வீட்டைப் பறித்தவர்களின் தரப்பு படத்தில் இல்லை. நிஜத்தில் பல வீடுகளில் 'பறித்தவர்' என்று பெயர் வாங்கியவர், சட்டம் கொடுத்த பங்கைக் கேட்ட ஒரு பெண்ணாக இருப்பார். விட்டுக்கொடுத்தால் நல்ல தங்கை, கேட்டால் பேராசைக்காரி. பங்கில்லாத பாசம்தான் உசத்தி என்று நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ அத்தை கேட்காமலே இருந்திருக்கணுமா?" என்று கேட்டாள் என் மனைவி. இல்லை. பங்கைக் கொடுத்துவிட்டு, பந்திக்கும் கூப்பிட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நோட்டு. ஒன்றில் வந்த சண்டைக்காக இன்னொன்றை மூட வேண்டியதில்லை.

இரண்டாவது, 'முறை' என்பது அடிப்படையில் சாதிக்குள் நிற்கும் வலை. அத்தான் என்று கூப்பிட முதலில் அந்த வலைக்குள் பிறந்திருக்க வேண்டும். கிராமங்களில் சாதி தாண்டி "மாமா", "அத்தை" என்று மரியாதைக்குக் கூப்பிடுவது உண்டு, ஆனால் அந்தக் கூப்பாடு எல்லா வீட்டு வாசல்படியையும் தாண்டுவதில்லை. படத்தின் கதகதப்பு உண்மைதான். அது எந்தச் சுவருக்குள் இருக்கும் கதகதப்பு என்பதையும் மறக்காமல் இருப்பது நல்லது.

இதையெல்லாம் வைத்து என் குடும்ப எக்செல்லில் இரண்டு புதுப் பத்தி சேர்த்திருக்கிறேன். பெயர், பிறந்த வருஷம், ஊர் ஏற்கனவே இருந்தன. புதிதாக, "நாம் என்ன முறை வைத்துக் கூப்பிடுவோம்", "அவர்கள் வீட்டில் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்". இரண்டாவது பத்தியை வீட்டில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு போன் போட வேண்டியிருக்கிறது. இதுவரை ஒன்பது வரி நிரம்பியிருக்கிறது. நீங்களும் செய்து பார்க்கலாம். செலவில்லாத ஆராய்ச்சி. பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

ஐடிஐ விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றார். நான் எழுந்து உள்ளே போகும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவன் புள்ள இப்ப என்ன படிக்கிது?"